ஓட்டத்தில் எடுத்த நகல்

ஒரு கம்பெனியே சேர்ந்து என்னைத் தூங்கச் சொல்லிக் கெஞ்சியது அன்றைக்குத்தான். ஒரு நாள் லீவு கேட்டாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்கள், மலைக்கு அடியில் நான் மாட்டிக்கொண்டதும், "கொஞ்சம் கண்ணை மூடுங்க மேடம், உடம்பு முக்கியம்" என்று மாறி மாறிச் சொன்னார்கள்.

என் பெயர் ஞானசௌந்தரி. நாகர்கோவில்காரி. பாறை பார்ப்பது என் தொழில். மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோகிற சுரங்கம் அது. குடையக் குடைய முன்னால் போய், மேலே உள்ள பாறை தாங்குமா தாங்காதா என்று சொல்ல வேண்டியவள் நான். அன்றைக்குத் தாங்கும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கூரை இறங்கிவிட்டது.

கண் விழித்தபோது நான் கிடந்த இடத்தில் எழுந்து உட்காரலாம், நிற்க முடியாது. கையை நீட்டினால் இரண்டு பக்கமும் கல். வெளியே போகிற வழி முழுக்க அடைந்து கிடந்தது. இன்னொரு பக்கமும் பாறை சரிந்திருந்தது, அதற்குள் புகுந்து தண்ணீர் இறைக்கிற இரும்புக் குழாய் ஒன்று மட்டும் அந்தப் பக்கம் போனது. ஹெல்மெட் விளக்கு எரிந்தது. ஹெல்மெட்டிலிருந்து சுவர்ப் பெட்டிக்குப் போகிற கேபிளும், என்ன புண்ணியமோ, அறுபடாமல் இருந்தது.

"மேடம், கேக்குதா? நான் சதக்கத்துல்லா. பேக்கப் ரூம்லேருந்து பேசறேன். உங்க பேக்கப் ஆரம்பிச்சாச்சு."

இந்த ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆபத்தான வேலை செய்கிற நிரந்தர ஊழியர்களுக்கெல்லாம் தொடர்ச்சிச் சட்டம் வந்த பிறகு கொடுத்தது. ஆபத்து என்று தெரிந்தால் தானாகவே மனசை நகலெடுக்கத் தொடங்கும். நகல் முழுதாக முடிந்துவிட்டால் அந்த ஆள் சாகவில்லை என்று சட்டம் சொல்கிறது. முதலில் குரலாக எழுப்புவார்கள், பிறகு ஒரு உடம்பு செய்து கொடுப்பார்கள். நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம்தான், அன்றைக்குக் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதிலேயே இன்னொரு விதியும் இருந்தது. நகல் முடிந்த ஆளை மீட்பதற்காக இன்னொரு உயிரை ஆபத்தில் விடக் கூடாது. அதற்கும் சேர்த்துத்தான் கை தட்டியிருக்கிறேன்.

தலைக்கு மேலே எங்கோ துளை போடுகிற சத்தம் கேட்டது. பல் டாக்டர் பக்கத்து அறையில் வேறு யாருக்கோ பல்லைக் குடைகிற மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வரை எனக்குத் தைரியம் இருந்தது.

அடுத்து வந்த குரல் ரகோத்தமனுடையது. பாதுகாப்புப் பிரிவின் தலைவர். கோபமே வராத மனுஷன் என்று பெயர் எடுத்தவர்.

"எப்படி இருக்கீங்க மேடம்?"

"படுத்துக் கிடக்கேன் சார். வேற வழியில்ல."

"நல்லது. அப்படியே தூங்கிடுங்க. நீங்க அமைதியா இருந்தா பேக்கப் சீக்கிரம் முடிஞ்சிடும். முடிஞ்சதும் நீங்க சேஃப்."

"முடிஞ்சதும் மேல போடுக ஓட்டை என்னாகும்?"

அவர் செருமிக்கொண்டார். "மேல மண்ணு இளகுது மேடம். துளை போடுறவங்களும் மனுஷங்கதானே. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நானும் தூங்கியிருப்பேன், உண்மையைச் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் வலி. நகல் முடிந்தால் ஏதோ ஒரு ஞானசௌந்தரி வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைக்கப் போகிறாள், அது போதும் என்று தோன்றிவிட்டது. அப்போதுதான் குழாயில் யாரோ தட்டினார்கள்.

"யாருங்க அந்தப் பக்கம்? உசுரோட இருக்கறீங்களா?"

குழாய் வாயில் காதை வைத்தேன். "இருக்கேன். நீ யாருடே?"

"மாதேசனுங்க மேடம். அரூர்க்காரன். தண்ணி எறைக்கற மோட்டார் ஓட்டறவனுங்க. உங்களுக்கு வணக்கமெல்லாம் வெச்சிருக்கறனுங்க, நீங்கதான் பாக்கறதில்லீங்க."

அவனும் என்னைப் போலவே ஒரு பொந்துக்குள் கிடந்தான். அவன் பக்கம் தாழ்வு. தண்ணீர் முழங்காலுக்கு வந்திருக்கிறது என்றான். உடனே மேலே சொன்னேன். ரகோத்தமன் கேட் பதிவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கேட் பதிவுப்படி மாதேசன் ஷிஃப்ட் முடிச்சு வெளியே போயிட்டார் மேடம். உள்ள இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

எங்கள் சுரங்கத்தில் "டீக்கு அப்புறம்" என்று ஒரு வேலை உண்டு. காண்ட்ராக்ட் ஆட்களை இத்தனை மணிக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது என்று விதி. அதனால் ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டில் அட்டையைத் தேய்த்து வெளியே வருவார்கள், கேட் ஓரத்துக் கடையில் ஒரு டீ குடிப்பார்கள், பிறகு அட்டையைத் தேய்க்காமல் மறுபடி உள்ளே போவார்கள். வாட்ச்மேனுக்குத் தெரியும், எஞ்சினியர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவர்களுக்கு இந்த ஹெல்மெட்டும் கிடையாது. மாதேசன் கேட்டின் கணக்கில் வெளியே இருந்தான், உண்மையில் தண்ணீரில் நின்றான்.

"சார், அவன் இங்க இருக்கான். நான் பேசிட்டுல்லா இருக்கேன்."

"மன அழுத்தத்துல சிலருக்குக் குரல் கேக்கும் மேடம். சகஜம்தான்."

"அவன் அரூர் பேச்சு பேசுகான் சார். எனக்குச் சும்மா குரல் கேட்டா நாகர்கோவில் பேச்சுல்லா கேக்கும்?"

ஹெல்மெட் மைக் என் தாடை எலும்பிலிருந்து குரலை எடுக்கிற வகை. வேறு யார் சத்தமும் அதில் ஏறாது. ரகோத்தமன், "ஓய்வெடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போது கணக்குப் புரிந்தது. உள்ளே இருப்பது நான் ஒருத்தி. என் நகல் முடிந்தால் உள்ளே யாருமில்லை. யாருமில்லாத இடத்துக்கு யார் துளை போடுவார்கள்? நான் கண்ணை மூடினால் மாதேசன் செத்தான்.

"சதக், இந்தப் பேக்கப் எப்பம் முடியும்?" என்று கேட்டேன்.

"அது உங்க கையில இருக்கு மேடம்." அவன் ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து வைத்தான். பேசுவதெல்லாம் பதிவாகும் என்று இருவருக்கும் தெரியும். "மனசை நிறுத்தி வச்சு எடுக்க முடியாது. நிறுத்தினா நீங்களே இல்ல. ஓட ஓடத்தான் எடுக்கணும். ஒரு மூலையில ஆரம்பிச்சு கடைசி மூலைக்கு வர்றதுக்குள்ள முதல் மூலை மாறிப் போயிருக்கும். திரும்பப் போய் அதை எடுக்கணும். பிள்ளைங்க ஓடியாடுற வீட்டைப் பெருக்குற மாதிரி. அவங்க தூங்கிட்டா ஒரே பெருக்கு, முடிஞ்சுது."

"பாதியில விட்டா?"

"ஒட்டாத நகல். ஒரு துண்டு முன்னாடி எடுத்தது, ஒரு துண்டு பின்னாடி எடுத்தது. கல்யாணம் நடந்தது ஞாபகம் இருக்கும், யாரோடன்னு இருக்காது. அதை எழுப்ப மாட்டோம். ஆனா கேபிள் அறுந்தாலோ, நீங்க ஹெல்மெட்டைக் கழட்டினாலோ, இருக்கிற நகலே கடைசி நகல்னு விதி."

ஆக, கழற்றவும் முடியாது, தூங்கவும் முடியாது.

"மேடம், ஒரு எச்சரிக்கை சொல்லணும். இது என் கடமை." சதக்கின் குரல் பாடம் படிப்பது போல மாறியது. "பேக்கப் நல்லபடியா முடியணும்னா நீங்க சிலதைச் செய்யவே கூடாது. புதுசா எதையும் கத்துக்கக் கூடாது. ரொம்பக் கோபப்படக் கூடாது, ரொம்பச் சிரிக்கவும் கூடாது. முக்கியமா, உண்மைன்னு நம்பின ஒண்ணைப் பொய்னு தெரிஞ்சுக்கக் கூடாது. அது ஒண்ணு நடந்தா அதோட ஒட்டின எல்லாம் மாறிடும். நாங்க மறுபடி பாதி வீட்டைப் பெருக்கணும். புரிஞ்சுதா மேடம்?"

"நல்லாப் புரிஞ்சுது மக்களே," என்றேன். அந்தப் பையனைப் பார்த்ததில்லை. பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன்.

குழாய் வழியாக மாதேசனுக்கு விளக்கினேன். அவன் யோசிக்கவே இல்லை.

"அவ்வளவுதானுங்களா? பொய் சொல்லணும், நீங்க நம்பணும், அப்பறம் பொய்ன்னு சொல்லிடணும். எங்க ஊர்ல இதுக்கு எனக்குப் பேரே இருக்குதுங்க மேடம்."

ஆரம்பித்தான். தர்மபுரி சந்தையில் ஒரே மாட்டை ஒரே ஆளுக்கு இரண்டு தடவை விற்றதாகச் சொன்னான். யானை ஒன்று தன் பைக்கில் ஏறி உட்கார்ந்ததாகச் சொன்னான். ஓட்டை லாரியை பெங்களூர் வரை பின்பக்கமாகவே ஓட்டிப்போனதாகச் சொன்னான். யானையை நான் நம்பவில்லை. லாரியை நம்பித் தொலைத்தேன், முன் கியர் எல்லாம் உடைந்துவிட்டது என்று அவ்வளவு விவரமாகச் சொன்னான். அது பொய் என்றதும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாறை இடுக்கில் கிடந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"மேடம், சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்," என்றான் சதக். "பாருங்க, மறுபடி முதல்லேருந்து." அவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

துளைச் சத்தம் நிற்கவில்லை.

பிறகு ஷெரினைக் கூட்டி வந்தார்கள். என் மகள். அவள் அப்பா மூன்று வருஷம் முன்னால் திடீரென்று போனதிலிருந்து அவளுக்கு நான், எனக்கு அவள். ரகோத்தமன் கெட்டிக்காரர், யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

"யம்மா," என்றாள். "யம்மா, எல்லாம் சொன்னாங்க. நீ தூங்கினா போதுமாம். ஏன் தூங்க மாட்டேங்க?"

"இங்க இன்னொரு ஆள் இருக்கான் மக்களே. நான் தூங்கினா அவன் போயிருவான்."

"அப்படி யாருமில்லன்னு சொல்லுகாங்க."

"நான் சொல்லுகேன், இருக்கான்."

அழுதாள். அழுதுகொண்டே, "இருந்தா இருக்கட்டும்மா. யாருன்னே தெரியாதவனுக்காக நீ ஏன் சாகணும்? எனக்கு நீ வேணும். எப்படி வந்தாலும் பரவால்ல. கண்ணை மூடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

சின்ன வயசில் அவளைத் தூங்க வைக்க நான் கெஞ்சிய கெஞ்சல் இதே மாதிரிதான் இருக்கும். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் இடத்தில் நான் இருந்தால், மாதேசனைப் பற்றிக் கேட்டுக்கூட இருக்க மாட்டேன்.

"தூங்கி எழும்பி வாறது நான்தானான்னு எனக்குத் தெரியாது மக்களே. அவன் செத்தா அவன்தான் சாவான், அது தெரியும். நீ சாப்பிட்டியா?"

யாரோ அவளை மெல்ல அழைத்துப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்கப்புறம் எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. மாதேசனின் பொய்கள் வலுவிழந்தன. அடுத்தது பொய்தான் என்று நானே எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டேன், எதிர்பார்த்தால் எதுவும் மாறாது. சதக்கும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். எனக்கு இமை கனத்தது. தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாகிவிட்டது.

அப்போது மாதேசன் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், இப்ப ஒண்ணு சொல்றனுங்க. இது பொய்யில்லீங்க. எனக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க."

"எப்பம்?"

"இப்பத்தானுங்க, போன வாரம். இன்னும் மொகம் பாக்கலீங்க. லீவு கேட்டேன், மேஸ்திரி டீக்கு அப்பறம் பாக்கலாம்னாருங்க." குழாயை மெல்ல ஒரு தட்டுத் தட்டினான். "பேரு கூட வெக்கலீங்க. நீங்க படிச்சவங்க, ஒரு பேரு சொல்லுங்க."

ஷெரின் பிறந்தபோது பெயருக்காக நானும் அவரும் போட்ட சண்டை ஞாபகம் வந்தது. அவர் பைபிளில் இருந்து வேண்டும் என்றார், நான் தமிழில் வேண்டும் என்றேன், கடைசியில் இரண்டும் இல்லாத ஒன்றை என் மாமியார் வைத்தார். அந்தப் பிள்ளைக்காக ரொம்ப நேரம் யோசித்தேன். அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன், செல்வி என்றான். என் கோயிலுக்கும் பொருந்த வேண்டும், அவன் கோயிலுக்கும் பொருந்த வேண்டும்.

"அருள்செல்வி," என்றேன்.

"நல்லா இருக்குதுங்க மேடம்."

அதோடு என் மனசு அடங்கிவிட்டது. மேலே வெயிலில் ஒரு பச்சைக் குழந்தை அப்பனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, அதற்காகத்தான் நான் இங்கே முழித்துக் கிடக்கிறேன், இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றினால் மனுஷருக்குத் தூக்கம்தான் வரும். எனக்கும் வந்தது.

"மேடம், நல்லபடியா போயிட்டிருக்கு," என்றான் சதக். அவன் குரலில் உயிரே இல்லை. "கிட்டத்தட்ட எல்லாம் எடுத்தாச்சு. கடைசி மூலைதான் பாக்கி. தூங்குறீங்களா மேடம்? மேடம்?"

கேட்டது. பதில் சொல்ல நாக்கு புரளவில்லை.

குழாயைக் கல்லால் படார் படார் என்று அடித்தான் மாதேசன். "மேடம்! எந்திரீங்க! மேடம்!"

"ம்..."

"பொண்ணு இல்லீங்க மேடம்."

"என்னடே?"

"எனக்குப் பொண்ணே இல்லீங்க. கல்யாணமே ஆவுலீங்க. செல்வி எங்கக்கா பேருங்க. சும்மா சொன்னனுங்க."

முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? செத்துப்போன என் புருஷனை நினைத்து, என் பிள்ளையை அழவிட்டு, இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். "நாசமாப் போவ! செத்துப் போடே, அங்கேயே கிடந்து செத்துப் போ!" என்று கத்தினேன். கத்திக் கத்தி அழுதேன்.

"மேடம்! இவ்வளவு கோபம் கூடவே கூடாது!" சதக் கிட்டத்தட்டக் கூவினான், சந்தோஷம் தாங்காமல். "பாதி வீடு குப்பையாயிடுச்சு மேடம்! இதெல்லாம் மறுபடி எடுக்கணும், இனிமேதான்..."

அவன் முடிக்கவில்லை. மலை ஒரு குலுக்குக் குலுக்கியது. என் கால்மாட்டில் சுவர்ப் பெட்டி இருந்த இடத்தில் பாறை வந்து உட்கார்ந்தது. கேபிளின் அறுந்த முனை என் மடியில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் துளைச் சத்தமும் நின்றுவிட்டது.

அந்த அமைதியைப் பற்றி யாரிடமும் நான் சரியாகச் சொன்னதில்லை. உயிரோடு இருப்பவளை இல்லை என்று முடிவு செய்துவிட்டார்கள், அதைக் காதால் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். விளக்கு மங்கியது. நான் எழுப்பிய சத்தங்கள் எல்லாம் எனக்கே திரும்பி வந்தன.

"ஏங்க மேடம் நிறுத்திட்டாங்க? அதான் உங்கள எழுப்பிட்டனுங்களே," என்றான் மாதேசன்.

"கேபிள் அறுந்துட்டு. இருக்க நகலே போதும்னு எழுப்பப் போறாங்க."

"அப்ப நாம?"

கேபிள் முனையை மடியிலிருந்து தள்ளிவிட்டேன். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது என்றான். கொஞ்சம் கழித்து, பயமாக இருக்கிறது என்றான். அவன் சொன்னதில் நான் உடனே நம்பியது அது ஒன்றுதான்.

"செத்துப் போன்னு சொன்னதை மனசுல வச்சுக்காதே," என்றேன்.

"இல்லீங்க மேடம்."

குழாயின் இந்த முனையில் என் கையையும் அந்த முனையில் அவன் கையையும் வைத்துக்கொண்டு கிடந்தோம். நான் தூங்கினேனா மயங்கினேனா தெரியாது. இனி தூங்கினால் யாருக்கும் நஷ்டமில்லை.

எழுப்பியது அந்தப் பல் குடைகிற சத்தம். முதலில் கனவு என்று நினைத்தேன். மாதேசன், "மேடம், மேடம்" என்று குழாயைத் தட்டினான். முன்னைவிடப் பக்கத்தில் கேட்டது, நிற்காமல் கேட்டது. பிறகு என் முகத்தில் மண் கொட்டியது, மண்ணுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. கயிற்றில் இறங்கி வந்தவரின் சட்டையைப் பிடித்து, "பைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்கு" என்றேன்.

"தெரியும்மா. ரெண்டு பேருன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க," என்றார் அவர்.

யார் சொன்னார்கள் என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரியில் ஷெரின் என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, சுவரோரமாக உட்கார்ந்தாள். என்னைப் பார்ப்பாள், உடனே ஜன்னலைப் பார்ப்பாள். சாவு வீட்டிலிருந்து வந்தவள் முகம் மாதிரி இருந்தது. நான்தான் பிழைத்துவிட்டேனே, இது என்ன என்று நினைத்தேன்.

"எழுப்பினாங்கம்மா," என்றாள் கடைசியில். "அந்தப் பையன் சதக், ஒட்டாத நகல், எழுப்பாதீங்கன்னு சண்டை போட்டான். கேக்கல. ஸ்பீக்கர்ல உன் குரல் வந்துது. முதல்ல என் பேரைக் கூப்பிட்டா. அப்புறம் அப்பாவைக் கேட்டா."

"அப்பாவையா?"

"எங்கே, கடைக்குப் போயிருக்காரான்னு. அவர் செத்தது அவளுக்குத் தெரியல. அந்தத் துண்டு சரியா வரல போல. நான் ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் தரவில்லை.

"சர்க்கார்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தாரு. நகலை ஒரு கேள்வி கேக்கணுமாம். நீங்க ஞானசௌந்தரிதானான்னு. ஆமான்னு சொன்னா முடிஞ்சுது. அவரு கேட்டாரு. அவ, மேல ஓட்டை போடுகாங்களான்னு திருப்பிக் கேட்டா. நிறுத்தியாச்சுன்னாங்க. அப்ப மாதேசன் என்ன ஆவான்னு கேட்டா. அப்படி யாருமில்லன்னாரு ரகோத்தமன். நான் ஆமான்னு சொன்னா கீழ கிடக்கவ யாருன்னு கேட்டா. சட்டப்படி யாருமில்லன்னாரு அந்த சர்க்கார் ஆளு. இல்லன்னு சொன்னா என்ன ஆகும்னு கேட்டா. நகல் செல்லாது, அழிச்சிருவோம், மறுபடி துளை போட்டாகணும்னாரு."

ஷெரின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமான்னு சொல்லும்மான்னு கத்தினேன். கால்ல விழலாம்னா ஸ்பீக்கருக்குக் கால் இல்ல. அவ உன் குரல்லேயே சொன்னாம்மா. 'மக்களே, அங்க பிள்ளை மொகம் பாக்காத அப்பன் ஒருத்தன் கிடக்கான். அந்தப் பிள்ளைக்கு நான்தான் பேரு வச்சேன். உனக்கு அப்பா இருக்காரு, இப்ப வந்துருவாரு, நீ தனியா இல்ல'ன்னு. அப்புறம் அந்த ஆள்கிட்ட, 'நான் அவ இல்ல, எழுதிக்கிடுங்க'ன்னா. உள்ள ரெண்டு பேருன்னு சேத்து எழுதிக்கிட்டாங்க. என் கண்ணு முன்னாலதான் அழிச்சாங்க."

பிள்ளை உண்டு என்று நம்பிய துண்டை எடுத்திருக்கிறார்கள். இல்லை என்று தெரிந்த துண்டை எடுப்பதற்குள் கேபிள் அறுந்திருக்கிறது. முழு நகலாக இருந்திருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? கல்யாணமாகாத ஒரு புளுகனுக்காக, அப்பா இல்லாத மகளைத் தனியே விட்டுவிட்டு, நான் அவள் இல்லை என்று சொல்லியிருப்பாளா? நான் சொல்லியிருப்பேனா? எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"நான் அப்பாவைப் பத்திப் பொய் சொல்லியிருக்கக் கூடாதும்மா," என்றாள் ஷெரின். "உண்மை தெரிஞ்சிருந்தா எனக்காக ஆமான்னு சொல்லியிருப்பா. சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே. எதை நினைச்சு அழுகதுன்னே தெரியல." பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தாள். உள்ளே வெள்ளிக் கொலுசு, குழந்தைக் கால் அளவில். "ஒண்ணு மட்டும் நிச்சயம். அந்தப் பிள்ளைக்கு அப்பா கிடைச்சுட்டாரு. அதுக்காகத்தான் அவ போனா. நான் அதைப் பாக்கணும்மா. ஒரு தடவை தூக்கிப் பாத்தா எனக்குச் சரியாயிரும்."

வாயைத் திறந்தேன். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அவள் கொலுசை விரலில் சுற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"ஊருல இருக்கு," என்றேன். "கொஞ்ச நாள் போகட்டும்."

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் தோளில் சாய்ந்து நிம்மதியாக அழுதாள்.

அவள் முகம் கழுவப் போனபோது மாதேசன் ஊன்றுகோலோடு வந்தான். எலும்பும் தோலுமாக ஒரு முப்பது வயது ஆள். அவனை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் உட்காரக்கூட இல்லை.

"உண்மையச் சொல்லிடலாங்களே மேடம்."

"வெளியதான் நிக்கா. நீயே சொல்லு."

போனான். கதவுத் திரையை விலக்கிக்கொண்டு நின்றான். ஷெரின் வராந்தாக் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, அந்த டப்பாவைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். எப்போதும் பேச்சுக்குப் பஞ்சமில்லாத அந்த வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம்," என்றான் மெதுவாக. "பேரு என்னங்க வெச்சீங்க? எனக்கு மறந்து போச்சுங்க."

சொன்னேன். மறக்காமல் இருக்க அவன் அதைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது, ஷெரின் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.